என் பயோடேட்டாவின் பின்பக்கம்

ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ் வேலை நேர்காணலுக்குக் காலை பத்து மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். ஒன்பதே முக்காலுக்கே போய் உட்கார்ந்துவிட்டேன். உள்ளே கூப்பிட்டபோது மணி ஒன்று இருபது. இடையில் யாரும் வந்து தாமதத்துக்குக் காரணம் சொல்லவில்லை. குடிதண்ணீர் எங்கே இருக்கிறது என்பதைக்கூடத் தரை துடைத்துக்கொண்டிருந்த அக்காதான் காட்டினார். "நர்ஸ் வேலைக்கா? போன வாரமும் இப்படித்தான் ஆறேழு பேர் உட்கார்ந்திருந்தார்கள்" என்றார், வாளியை நகர்த்திக்கொண்டே. நான் தெரிந்துகொள்ள வேண்டியதில் பாதியை அவர் சொல்லிவிட்டார். அன்றைக்கு அது என் காதில் விழுந்ததோடு சரி, மண்டையில் ஏறவில்லை.

இது நடந்தது 2023 ஜூன் மாதத்தில். கணவருக்குக் கோவைக்கு மாற்றல் வந்து, சிங்காநல்லூரில் வீடு பிடித்து, மகளைப் பள்ளியில் சேர்த்த கையோடு நானும் வேலை தேடத் தொடங்கியிருந்தேன். பி.எஸ்சி. நர்சிங் நான்கு வருடம், அதன் பிறகு மதுரையில் ஐ.சி.யூ.வில் ஆறு வருடம், மகளுக்காக வீட்டில் இரண்டு வருடம். அந்தக் கடைசி இரண்டு வருடத்தைப் பற்றித்தான் எனக்குப் பயம். கேட்டால் என்ன சொல்வது என்று கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்திருந்தேன். மருந்துக் கணக்கு, இதயம் நின்றவருக்கு முப்பது முறை நெஞ்சை அழுத்தினால் இரண்டு முறை மூச்சு, பொட்டாசியம் குளோரைடை நேராக நரம்பில் தள்ளக் கூடாது என்பதெல்லாம் இரண்டு வாரம் உட்கார்ந்து மறுபடி படித்தேன். மகளுக்குப் பேன் பார்த்துக்கொண்டே கோமா ஸ்கோரை மனப்பாடம் செய்த பெண்கள் உலகத்தில் வேறு யாராவது இருக்கிறார்களா தெரியவில்லை.

அறைக்குள் இரண்டு பேர். ஒருவர் நர்சிங் சூப்பரின்டெண்டென்ட்; ஐம்பது வயது இருக்கும். இன்னொருவர் ஹெச்.ஆர். துறையிலிருந்து வந்த இளைஞர். எனக்குப் போட்டிருந்த நாற்காலியில் கோப்புகள் குவிந்திருந்தன. மேடம் நிமிர்ந்து பார்க்கவில்லை. நான் நின்றேன். அந்த இளைஞர்தான் எழுந்து வந்து கோப்புகளைத் தூக்கித் தரையில் வைத்துவிட்டு உட்காரச் சொன்னார்.

"எந்த ஊர் நீ?"

'நீ' எனக்குப் பெரிய விஷயமில்லை. மதுரையில் மூத்த சிஸ்டர்கள் 'ஏ பிள்ளை' என்றுதான் கூப்பிடுவார்கள். அவர்களே டிபன் டப்பாவில் பாதி இட்லியை நம் பக்கம் தள்ளுவார்கள். இந்த 'நீ' வேறு ரகம். உசிலம்பட்டிப் பக்கம் என்றேன். உசிலம்பட்டியில் எங்கே என்றார். கிராமத்தின் பெயரைச் சொன்னேன். "அங்கே எந்தத் தெரு?" என்றார். தமிழ்நாட்டில் பிறந்தவர்களுக்கு இந்தக் கேள்வி எதற்கு என்று விளக்க வேண்டியதில்லை. ஐ.சி.யூ. வேலைக்கும் என் தெருவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டிருக்கலாம். நான் "பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கம், மேடம்" என்றேன். எங்கள் ஊரில் பஸ் ஸ்டாண்டே கிடையாது, ஒரு புளியமரமும் நிழற்குடையும்தான். அன்று நான் சொன்ன ஒரே நல்ல பதில் அது என்று இப்போதும் நினைக்கிறேன்.

அடுத்தது கணவர் வேலை, மாமியார் கூட இருக்கிறாரா, நைட் டூட்டிக்கு விடுவார்களா, மகளுக்கு எத்தனை வயது, "அடுத்தது எப்போது?" இந்த ஊரில் அடுத்தது என்றால் அடுத்த குழந்தை. நான் சொல்லிவிட்டேன்: "இனிமேல் வேண்டாம் என்று இருக்கிறோம், மேடம்." அன்றிரவு இதைக் கணவரிடம் சொன்னபோது அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த கையை நிறுத்திவிட்டு, "அப்படியா, நாம் எப்போது முடிவு செய்தோம்?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் இருவருக்குள்ளேயே பேசி முடிக்காத ஒன்றை, முன்பின் தெரியாத ஒருவரிடம் வேலைக்காக எழுதிக் கொடுத்ததுபோல் இருந்தது.

இந்தக் கேள்வியை ஏன் கேட்கிறார்கள் என்பது புரியாத விஷயமில்லை. மகப்பேறு நலச் சட்டம் 2017ல் திருத்தப்பட்ட பிறகு முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு. அந்தச் செலவு நம் தலையில் விழுமே என்று நிர்வாகம் கணக்குப் போடுகிறது. ஆனால் எனக்கு அங்கே சொன்ன சம்பளம் 14,000 ரூபாய். 21,000 வரை சம்பளம் வாங்குபவர்கள் இ.எஸ்.ஐ. என்ற அரசுத் தொழிலாளர் காப்பீட்டுக்குள் வருவார்கள். பிரசவ கால ஊதியத்தை அவர்களுக்குக் கொடுப்பது இ.எஸ்.ஐ.தான், மருத்துவமனை இல்லை. என் சம்பளத்தில் மாதம் 105 ரூபாய் பிடித்து, மருத்துவமனை தன் பங்காக 455 ரூபாய் கட்டினால் அதன் கடமை முடிந்தது. பதிலுக்கு ஆள் பிடிக்கும் சிரமம் வேண்டுமானால் மிஞ்சும். இல்லாத செலவுக்காக என் கர்ப்பப்பையை விசாரித்தார்கள் என்பது எனக்குப் பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டபோதுதான் புரிந்தது.

இப்போது அந்தக் கேள்வி வந்தால் கேள்விக்குப் பதில் சொல்லமாட்டேன், அதன் பின்னால் இருக்கும் கவலைக்குப் பதில் சொல்வேன். "மூன்று ஷிஃப்டும் பார்க்க முடியும் மேடம், வீட்டில் அதற்கு ஏற்பாடு செய்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன்." அவ்வளவுதான். மறுபடி கேட்டால் அதையே மறுபடி, அதே குரலில். சண்டைக்குப் போகவும் வேண்டாம், மகளின் பிறந்த தேதியை ஒப்பிக்கவும் வேண்டாம். வேலை தேடும்போது என்னிடம் ஆலோசனை கேட்கும் தங்கைகளுக்கு இதை வாய்விட்டுச் சொல்லிப் பழகச் சொல்கிறேன். மனதுக்குள் எழுதி வைத்த வாக்கியம் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததும் மறந்துபோகும். வாய் பழகியது மறக்காது.

வேலையைப் பற்றி அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி. 500 மில்லி சலைன், எட்டு மணி நேரத்தில் ஏற வேண்டும், நிமிடத்துக்கு எத்தனை சொட்டு? சாதாரண செட்டில் ஒரு மில்லிக்கு இருபது சொட்டு என்று வைத்தால் பத்தாயிரம் சொட்டு, 480 நிமிடம், நிமிடத்துக்கு இருபத்தொன்று. நான் வாயைத் திறப்பதற்குள் அவருடைய செல்போன் அடித்தது.

மறுமுனையில் யாரோ அன்று இரவு வர முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். மேடம் குரலை உயர்த்தினார். "காய்ச்சல் என்றால் மாத்திரை போட்டுக்கொண்டு வா. பதினொரு பேஷன்டுக்கு இரண்டு பேர் இருக்கிறீர்கள், போதாதா?" அதோடு நிறுத்தவில்லை. நான்கு பேர் வென்டிலேட்டரில் இருக்கிறார்கள் என்றார். அதில் ஒருவரின் பெயரையும், அவர் என்ன சாப்பிட்டுவிட்டு அங்கே வந்தார் என்பதையும் எங்கள் முன்னாலேயே சொன்னார். யாரோ ஒரு குடும்பம் சொந்தக்காரர்களிடம்கூட மறைத்து வைத்திருக்கும் சங்கதி. அவர் பெயர் இன்னும் எனக்கு மறக்கவில்லை. நோயாளியின் ரகசியத்தைக் காப்பது முதல் வருடமே சொல்லிக்கொடுக்கும் பாடம். பேசிக்கொண்டே மேசையில் கைக்குக் கிடைத்த காகிதத்தைத் திருப்பிப்போட்டு எதையோ எழுதினார். கிடைத்த காகிதம் என் பயோடேட்டா.

ஹெச்.ஆர். இளைஞர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜன்னலுக்கு வெளியே ஏ.சி. இயந்திரத்தின் பின்பக்கம் தவிர வேறொன்றும் இல்லை.

போனை வைத்ததும் சொட்டுக் கணக்கு அவருக்கு மறந்துவிட்டது. நான் சொல்லட்டுமா என்று கேட்டதற்கு, "இரண்டு வருடம் வீட்டில் இருந்தவளுக்கு என்ன ஞாபகம் இருக்கப்போகிறது? ஃபிரஷர் சம்பளம்தான்" என்றார். கேரளாவிலிருந்து வரும் பெண்கள் வாயே திறக்காமல் வேலை செய்வார்கள், இங்கிலீஷும் பேசுவார்கள் என்றார். என்னோடு மதுரையில் வேலை பார்த்த கோட்டயத்துக்காரி இதைக் கேட்டிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். வாய் திறப்பதில் அவளை மிஞ்ச எங்கள் வார்டில் ஆள் இல்லை.

சம்பளத்தைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். 2016ல் உச்ச நீதிமன்றத்தின் உத்தரவுக்குப் பிறகு மத்திய அரசு ஒரு குழு அமைத்தது. 200 படுக்கைக்கு மேல் உள்ள தனியார் மருத்துவமனைகள் மாநில அரசு செவிலியருக்குச் சமமான சம்பளம் தர வேண்டும், 50 படுக்கைக்குக் குறைவான இடங்களில்கூட 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று அந்தக் குழு பரிந்துரைத்தது. நான் போன மருத்துவமனைக்கு 200 படுக்கைக்கு மேல். ஆனாலும் அந்தப் பரிந்துரையை நேர்காணலில் எடுத்து வீசச் சொல்லமாட்டேன். வீசினால் கதவைத்தான் காட்டுவார்கள். தெரிந்து வைத்துக்கொண்டால், 14,000 என்று சொல்லும்போது நம் தகுதியே அவ்வளவுதான் போலிருக்கிறது என்ற நினைப்பு வராமல் இருக்கும்.

பிறகு வந்தது சான்றிதழ் கட்டம். சரிபார்ப்பதற்கு அசல் கொண்டு வரச் சொல்லியிருந்தார்கள், கொண்டு போயிருந்தேன். பட்டச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல்கள், தமிழ்நாடு செவிலியர், தாதியர் கவுன்சிலில் பதிவு செய்த ஆர்.என்.ஆர்.எம். (செவிலியர், பேறுகாலத் தாதி) சான்றிதழ். மேடம் எல்லாவற்றையும் புரட்டினார். இரண்டு வருட ஒப்பந்தம் என்றார். பட்டத்தையும் பதிவுச் சான்றிதழையும் மட்டும் தனியே எடுத்துக்கொண்டு மேசையின் கீழ் இழுப்பறையைத் திறந்தார். உள்ளே பழுப்பு உறைகள், ஒன்றின் மேல் ஒன்றாக, மூட முடியாத அளவுக்கு. ஒவ்வொரு உறை மீதும் சிவப்பு மையில் ஒரு பெண்ணின் பெயர். என் பட்டம் பாதி உள்ளே போய்விட்டது.

எனக்கு அந்த நேரத்தில் வீரம் ஒன்றும் வரவில்லை. என்னோடு படித்தவள் ஒருத்தியின் முகம்தான் வந்தது. சென்னையில் இப்படித்தான் அசலைக் கொடுத்துவிட்டு, சவூதியில் வேலை கிடைத்தபோது தூதரகச் சான்றொப்பத்துக்குப் பட்டம் கையில் இல்லாமல் ஏழு மாதம் அலைந்தாள். வேலை போய்விட்டது. அவள் என்னிடம் போனில் அழுத சத்தம் ஞாபகம் வந்து, "மேடம், வாங்கிக்கொண்டதற்கு ரசீது தருவீர்களா?" என்று கேட்டுவிட்டேன்.

"ரசீதா? இது என்ன அடகுக் கடையா?"

அடகுக் கடையில் கண்டிப்பாக ரசீது கொடுப்பார்கள். இந்தப் பதில் எனக்குத் தோன்றியது முக்கால் மணி நேரம் கழித்து, காந்திபுரத்தில் பஸ்ஸுக்கு நிற்கும்போது. அறைக்குள் நான் சொன்னது, "அப்படியென்றால் வீட்டில் கேட்டுவிட்டு நாளைக்குக் கொண்டு வருகிறேன், மேடம்" என்று மட்டும்தான். அதையும் நடுங்கும் குரலில்தான் சொன்னேன். நம்பிக்கை இல்லாதவர்கள் தனக்கு வேண்டாம் என்று சொல்லி, மேசையில் இருந்த என் காகிதங்கள் மொத்தத்தையும் கூட்டிச் சேர்த்து என் பக்கம் தள்ளினார். இரண்டு தாள் தரையில் விழுந்தன. அந்த இளைஞர் குனிந்து எடுத்துக் கொடுத்தார்.

கல்லூரிகள் மாணவர்களின் சான்றிதழைப் பிடித்து வைத்த வழக்குகளில், சான்றிதழ் விற்பனைப் பொருள் இல்லை, அதைப் பிடித்து வைக்கும் உரிமையை யாரும் கொண்டாட முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் நீதிமன்றம் போய் வாங்குவதைவிடக் கொடுக்காமல் இருப்பது சுலபம். நான் இப்போது நேர்காணலுக்கு அசலைக் கையில் வைத்துக் காட்டுகிறேன், நகலைத்தான் மேசையில் வைக்கிறேன். ஒவ்வொரு நகலின் குறுக்கேயும் "நேர்காணலுக்கு மட்டும்" என்று தேதியோடு எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன். எங்கேயோ என் பதிவு எண்ணை வைத்து இல்லாத நர்ஸாக என்னைக் கணக்குக் காட்டுவார்களோ என்ற சந்தேகம்தான் காரணம்.

சிங்காநல்லூர் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. காகிதங்களை வரிசைப்படுத்தும்போதுதான் பயோடேட்டாவின் பின்பக்கத்தைப் பார்த்தேன். அன்றைய இரவு டூட்டி முழுவதும் அங்கே இருந்தது. "ஐ.சி.யூ. நைட் 2" என்று எழுதி அடிக்கோடு. கீழே ஒரு பெயர், நேராக "டபுள்". அதாவது பகல் ஷிஃப்ட் முடித்தவளே இரவும் தொடர வேண்டும். இன்னொரு பெயர், "ஆஃப் கட்", அதாவது ஓய்வு நாள் ரத்து. மூன்றாவது பெயரை எழுதி அடித்து, பக்கத்தில் "காய்ச்சல்" என்று எழுதி, அதையும் அடித்து மறுபடி பெயரை எழுதியிருந்தார்.

பதினொரு நோயாளிகள், நான்கு வென்டிலேட்டர். வென்டிலேட்டரில் இருப்பவர் ஒருவருக்கு ஒரு செவிலியர் என்பது நாங்கள் படித்த கணக்கு. அந்த நான்கு பேருக்கே நான்கு பேர் வேண்டும். இரண்டு பேர், அதில் ஒருத்தி பகலெல்லாம் நின்றவள், இன்னொருத்தி காய்ச்சல்காரியாகவும் இருக்கலாம். பணியிடம் ஏன் காலியாகிறது, தரை துடைத்த அக்கா ஏன் அப்படிச் சொன்னார், இழுப்பறை ஏன் மூட முடியாமல் நிறைந்திருக்கிறது என்பதெல்லாம் என் பயோடேட்டாவின் பின்பக்கத்தில் ஒரே இடத்தில் வந்து சேர்ந்துகொண்டன. மேடம் மேல் இருந்த கோபம் அங்கேயே கொஞ்சம் குறைந்தது. ஆள் இல்லாத வார்டைத் தினமும் ஒப்பேற்றுகிறவருக்கு, எதிரே வந்து உட்காரும் பெண் அன்றைய இரவுக்கு ஒரு தலை, அவ்வளவுதான். அதற்காக அந்தத் தெருக் கேள்வியை மன்னித்துவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

வீட்டுக்கு வந்ததும் நடந்ததை நேரம் போட்டு ஒரு நோட்டில் எழுதினேன். ஹெச்.ஆர். மின்னஞ்சல் முகவரிக்கு ஐந்து வரி அனுப்பினேன்: தெருவும் குழந்தையும் பற்றிய கேள்விகள், நோயாளியின் விவரம் வெளியில் பேசப்பட்டது, அசல் சான்றிதழ் கேட்கப்பட்டது. வசை எதுவும் இல்லை. பதில் வரவில்லை. பதில் வரும் என்று நானும் எதிர்பார்க்கவில்லை. எழுதியதால் இரவு தூக்கம் வந்தது. எழுதாமல் விடக் கூடாத வகையும் ஒன்று உண்டு. என் தோழி ஒருத்தியிடம் நேர்காணல் செய்த ஆண் மேலாளர் அன்றிரவே வாட்ஸ்அப்பில் புகைப்படம் அனுப்பச் சொன்னார். வேலையில் சேராததால் தனக்குப் புகார் கொடுக்க உரிமை இல்லை என்று நினைத்து அவள் செய்தியை அழித்துவிட்டாள். 2013ல் வந்த பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் அங்கே வேலை பார்க்காத பெண்ணுக்கும் பொருந்தும். மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். நிறுவனத்தின் உள் புகார்க் குழுவிடம் கொடுக்கலாம், முதலாளி மீதே புகார் என்றால் மாவட்ட அளவில் இருக்கும் குழுவிடம் போகலாம். செய்திகளை மட்டும் அழிக்கக் கூடாது.

அடுத்து நான் போனது அறுபது படுக்கை உள்ள ஒரு மருத்துவமனை. இன்சார்ஜ் சிஸ்டர் என்னை அறையில் உட்கார வைக்காமல் நேராக வார்டுக்கு அழைத்துப் போனார். அவசர மருந்துகளும் கருவிகளும் இருக்கும் கிராஷ் கார்ட் என்ற தள்ளுவண்டியைக் காட்டி, "காலை டூட்டிக்கு வந்ததாக நினைத்துக்கொண்டு பாருங்கள்" என்றார். நான் அட்ரினலின் எண்ணினேன், காலாவதித் தேதி பார்த்தேன், மூச்சுக்குழாயில் டியூப் போடத் தொண்டைக்குள் பார்க்கும் லாரிங்கோஸ்கோப்பை விரித்து பல்பு எரிகிறதா என்று பார்த்தேன். எரியவில்லை. அவர் முகம் சிவந்து, யாரையோ கூப்பிட்டு பேட்டரி மாற்றச் சொல்லிவிட்டு, "நல்ல வேளை" என்றார். அப்போது நான் கேட்டேன், அந்த முதல் இடத்தில் கேட்டிருக்க வேண்டியதை: இரவில் எத்தனை பேர், நைட் முடிந்தால் எத்தனை நாள் ஆஃப், டபுள் பார்த்தால் காசு உண்டா, எனக்கு முன்னால் இருந்தவர் ஏன் போனார்? கடைசிக் கேள்விக்கு அவர் சிரித்துவிட்டு, "திருமணமாகி ஈரோட்டுக்குப் போய்விட்டாள், வேண்டுமானால் எண் தருகிறேன், பேசுங்கள்" என்றார். பேசினேன். சம்பளம் 16,000, அந்தக் குழு சொன்ன கணக்குக்கு இதுவும் வராது. ஒப்பந்தம் இல்லை, அசல் கேட்கவில்லை. சேர்ந்துவிட்டேன்.

சேர்ந்து இரண்டு வாரம் இருக்கும். மத்தியானம் அடுத்த ஷிஃப்டுக்கு ஓவர் கொடுத்து, பொறுப்பை ஒப்படைத்துவிட்டு வெளியே வந்தபோது செல்போன் அடித்தது. முதல் மருத்துவமனையின் ஹெச்.ஆர். இளைஞர். "மேடம் உங்களைத் தேர்வு செய்துவிட்டார்கள். நாளைக்கு நைட் டூட்டிக்கே வர முடியுமா?" வேறு இடத்தில் சேர்ந்துவிட்டேன் என்றேன். "அப்படியா, நல்லது" என்றார். வைக்காமல் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, அங்கே இன்னும் ஆள் எடுக்கிறார்களா என்று கேட்டார்.

"என் மனைவியும் ஸ்டாஃப் நர்ஸ்தான், சிஸ்டர். இங்கேதான் இருக்கிறாள்."